‘பண்பாடு’ என்று எழுதப்படும் வரலாறு: சீன நோயாளிகளும் நாமும்

ஐஸ் போட்ட தண்ணீர் கொடுக்க வேண்டாம். நான்காம் இலக்க அறையை இயன்றவரை தவிர்க்கவும். முதுகில் சிவந்த கோடுகளைக் கண்டால் அடிகாயம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். புற்றுநோய் என்ற செய்தியை நோயாளியிடம் சொல்வதற்கு முன்னர் குடும்பத்தினருடன் பேசவும்.

கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சீன நோயாளிகளைப் பராமரிக்கும் தாதியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் கொடுக்கப்படும் பண்பாட்டுக் கையேடுகளில் இப்படியான குறிப்புகள் சாதாரணமாகக் காணப்படும். சீனர்களுக்குச் சில பக்கங்கள் இருப்பதுபோல மற்றக் குடியேறிய சமூகங்களுக்கும் பக்கங்கள் இருக்கும். வேலைப்பளு நிறைந்த விடுதியில் ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடியவை அவை.

சீன நோயாளி பற்றிய இந்தப் பக்கங்களை நாம் ஏன் கவனிக்க வேண்டும்? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அதற்கு வடக்கே மார்க்கத்திலும் ஈழத்தமிழரும் சீனரும் அயலவர்கள். அங்குள்ள முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகளிலும் எம்மவர் பலர் பணிபுரிகின்றனர். அவர்கள் நாளாந்தம் சீன முதியவர்களைத் தூக்கி இருத்துகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், உணவூட்டுகிறார்கள். இரண்டாவது காரணம், போரையும் அரச ஒடுக்குமுறையையும் கடந்துவந்த ஒரு சமூகத்தின் உடல் வைத்தியசாலையில் எப்படி வாசிக்கப்படுகிறது என்ற கேள்வி. அதற்குச் சீனர்களின் அனுபவத்தில் கிடைக்கும் பதில் எமக்கும் உதவக்கூடியது.

கையேடு சொல்வதில் உண்மை இருக்கிறது

கையேட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. சீன மருத்துவ மரபில் உடலின் நலம் ‘சீ’ எனப்படும் உயிராற்றலின் ஓட்டத்திலும் ‘யின்’, ‘யாங்’ என்ற இரு தன்மைகளின் சமநிலையிலும் தங்கியிருக்கிறது. உணவுகளும் நோய்களும் சூடு, குளிர் எனப் பிரிக்கப்படுகின்றன. பிள்ளை பெற்ற தாய் குருதி இழந்து குளிர்ந்த நிலையில் இருப்பதாகக் கருதப்படுவதால் ஒரு மாதம் வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். இந்த வழக்கத்தின் சீனப் பெயருக்கு ‘மாதம் இருத்தல்’ என்பதே பொருள். குளிர்நீர் ஆகாது, காற்றுப் படக்கூடாது, தலை முழுகக்கூடாது. கன்டோனியக் குடும்பங்களில் இஞ்சியும் வினாகிரியும் சேர்த்து வேகவைத்த பன்றிக்கால் கொடுப்பார்கள். தாய்வானில் நல்லெண்ணெயிலும் அரிசி மதுவிலும் சமைத்த கோழி கொடுப்பார்கள். அந்தத் தாயின் கட்டிலருகே ஐஸ் தண்ணீரை வைத்துவிட்டு, “ஏன் குடிக்கவில்லை?” என்று தாதி கேட்டால் அங்கே உறவு முறிந்துவிடுகிறது.

எமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சரக்கு அரைத்து வைக்கும் பத்தியக்கறியும் இலைகள் அவித்த சுடுநீர்க் குளிப்பும் 31ஆம் நாள் துடக்குக் கழிவும் எம் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. எந்த மீன் கிரந்தி, எந்தக் காய் குளிர்மை என்பதை அம்மம்மாவிடம்தான் கேட்டோம்.

முதுகில் தெரியும் கோடுகளின் கதையும் உண்மையானதே. எண்ணெய் பூசிய தோலை நாணயத்தாலோ கரண்டியாலோ அழுத்திச் சுரண்டும் ‘குவா ஷா’ என்ற வீட்டு வைத்தியம் காய்ச்சலுக்கும் உடல் உளைவுக்கும் செய்யப்படுவது. அது விட்டுச்செல்லும் சிவந்த தழும்பு சில நாட்களில் மறைந்துவிடும். அமெரிக்காவில் பேரனுக்குத் தாத்தா இதைச் செய்துவிட, சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தக் குடும்பத்தின் மீது பாய்வதே 2001ஆம் ஆண்டு வெளியான ‘குவா ஷா’ என்ற சீனத் திரைப்படத்தின் கதை.

மூலிகைகளைப் பொறுத்தவரை விடயம் இன்னும் பாரதூரமானது. தூ யூயூ என்ற சீன விஞ்ஞானி பழைய மருத்துவ நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டறிந்து 2015இல் நோபல் பரிசு பெற்றார். அதே மரபில் பயன்படும் சில மூலிகைகளில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக அப்படியான மூலிகை கலந்த மாத்திரைகளை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ‘டன்ஷென்’ என்ற வேர், குருதி உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் வார்ஃபரின் மருந்துடன் சேர்ந்தால் குருதிக்கசிவு ஏற்படலாம். நோயாளி எதைக் குடிக்கிறார் என்பது தெரியாமல் மருந்து எழுதுவது ஆபத்தானது. “இந்தப் பேய்க்கூத்தெல்லாம் எதற்கு?” என்று ஒருமுறை ஏசினால் போதும், அடுத்தமுறை அவர் சொல்லவே மாட்டார்.

ஆகவே கையேட்டின் குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால் அவை சீனர்களை ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத ஒரு மக்கள் கூட்டமாகக் காட்டுகின்றன. கட்டிலில் கிடக்கும் மனிதரின் வாழ்நாளில் நடந்தவை அந்தப் பக்கங்களில் இல்லை. ‘பாரம்பரியச் சீன மருத்துவம்’ என்று இன்று அழைக்கப்படுவதிலும் அண்மைய வரலாறு இருக்கிறது. 1929இல் அப்போதைய தேசியவாத அரசு சீன மருத்துவத்தை ஒழிக்க முயன்றபோது, அதன் வைத்தியர்கள் நாடளாவிய ரீதியில் திரண்டு எதிர்த்தனர். பின்னர் மாவோவின் அரசு அதனைக் கையிலெடுத்து, பல பிரிவுகளாகக் கிடந்ததை ஒரே பாடத்திட்டமாக்கி, 1956இல் பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களில் கல்லூரிகளைத் திறந்தது.

நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில்

இந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1980இல் நடந்தது. அமெரிக்க உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், சாங்ஷா நகரிலுள்ள ஹுனான் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முடிவுசெய்யப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். தலையிடி, தலைச்சுற்று, நித்திரையின்மை, களைப்பு, நெஞ்சடைப்பு என்பவையே அவர்களின் முறைப்பாடுகள். மேற்கத்தேய அளவுகோலின்படி அவர்களில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது.

நரம்புத் தளர்ச்சி என்பது சீன மரபிலிருந்து வந்த பெயரும் அல்ல. அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் பியர்ட் 1869இல் பரப்பிய நோய்ப்பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவுக்குள் வந்து, மேற்கில் கைவிடப்பட்ட பின்னரும் அங்கே நிலைத்துவிட்டது. நிலைத்ததற்கு வலுவான அரசியல் காரணம் இருந்தது. 1966 முதல் 1976 வரை நீடித்த கலாசாரப் புரட்சியின்போது மனச்சோர்வு என்பது புரட்சியில் நம்பிக்கையற்ற, பிழையான அரசியற் சிந்தனையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. “மனம் உடைந்துவிட்டது” என்று சொல்வதே ஒரு குற்ற ஒப்புதலாகிவிடக்கூடிய காலம். “நரம்பு தளர்ந்துவிட்டது” என்று சொன்னால் அது உடல் நோய். லீவு கிடைக்கும், மருந்து கிடைக்கும், ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள்.

கிளைன்மனின் நோயாளிகளில் பலர் அந்தப் பத்தாண்டில் அவமானப்படுத்தப்பட்டவர்கள், குடும்பத்தைப் பிரிந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், வேலையையும் படிப்பையும் இழந்தவர்கள். சீனர்கள் உணர்ச்சிகளை வெளிக்காட்டாத பண்பாட்டினர் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், அவர்களை வாயடைக்க வைத்தது யார் என்ற கேள்வி காணாமற் போய்விடுகிறது. அவரது முடிவுகளைப் பின்வந்த சில ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். நரம்புத் தளர்ச்சியை மேற்கின் மனச்சோர்வுக்குள் அடக்கிவிடலாமா என்று கேட்டார்கள். அந்த விவாதம் நியாயமானது. ஆனால் வலிக்கும் வாழ்க்கைக்கும் இருந்த தொடர்பை யாரும் மறுக்கவில்லை.

ஈழத்தில் இதையொத்த உண்மையைப் பதிவுசெய்தவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம். போரின் உளத்தாக்கம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. போருக்குள் வாழ்ந்தவர்கள் மனக்காயத்தை உடல் முறைப்பாடுகளாகவே வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவருவதை அவர் தொடர்ந்து எழுதிவந்தார். சீன மொழியில் இதயத்துக்கும் மனத்துக்கும் ‘ஷின்’ என்ற ஒரே சொல்தான். எமது ‘நெஞ்சு’ம் அப்படியே. “நெஞ்சுக்குள்ளே ஏதோ செய்யுது” என்று ஒரு தாய் சொல்லும்போது அதை ஈ.சி.ஜி. கருவி மட்டும் வாசித்து முடித்துவிட முடியாது.

பண்பாடா, பயமா?

இன்று எண்பது வயதைத் தாண்டிய, சீனாவின் பெருநிலப்பரப்பில் வளர்ந்த ஒரு முதியவர் 1959 முதல் 1961 வரையான பெரும்பஞ்சத்தைத் தன் பதின்ம வயதில் கண்டிருப்பார். அரசின் கொள்கைகளால் விளைந்த அந்தப் பஞ்சத்தில் இறந்தோரின் தொகை 15 மில்லியனிலிருந்து 45 மில்லியன் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. முதியோர் இல்லத்தில் அப்படியான ஒருவர் மிஞ்சிய பாணைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தால், அதை மறதிநோய் என்றோ பழக்கதோஷம் என்றோ எழுதிவிடலாம். வன்னியில் 2009இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு வேறு காரணமும் தெரியும்.

1980 முதல் 2015 வரை நீடித்த ஒரு பிள்ளைக் கொள்கையையும் எடுத்துக்கொள்வோம். முதற் பிள்ளைக்குப் பின்னர் ‘லூப்’ எனப்படும் கருத்தடை வளையம் போடுவது கோடிக்கணக்கான பெண்களுக்கு அரசின் கட்டளையாக இருந்தது. சத்திரசிகிச்சை இல்லாமல் கழற்ற முடியாதபடியே அந்த வளையங்கள் செய்யப்பட்டிருந்தன. அவ்வாறான அனுபவமுள்ள பெண் இன்னொரு நாட்டில் குடும்பத்திட்ட கிளினிக்குக்குப் போகத் தயங்கினால், அதைச் சீனப் பெண்களின் கூச்ச சுபாவம் என்று குறிப்பது எவ்வளவு தவறு! கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் 2013 ஓகஸ்டில் பெண்களுக்கு அவர்களது உண்மையான சம்மதமின்றிக் கருத்தடை ஊசிக்குச்சிகள் கையில் பொருத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை நாம் மறக்கவில்லை. அந்தக் கிராமப் பெண்ணொருத்தி அடுத்தமுறை குடும்பநல உத்தியோகத்தரைக் கண்டு கதவைச் சாத்தினால், அந்தச் செயலின் காரணம் எந்தப் பண்பாட்டுக் கையேட்டிலும் இருக்காது.

துக்கத்துக்கும் இது பொருந்தும். வூஹானில் புதிய தொற்றுப் பற்றிச் சக வைத்தியர்களை எச்சரித்ததற்காகப் பொலிஸாரால் கண்டிக்கப்பட்ட வைத்தியர் லி வென்லியாங் 2020 பெப்ரவரி 7ஆம் திகதி அதே தொற்றினால் இறந்தார். அவருடைய கடைசிச் சமூக ஊடகப் பதிவின் கீழே இலட்சக்கணக்கானோர் வந்து எழுதிச் சென்றனர். தங்கள் துயரங்களை, தனிமையை, சாதாரண நாளின் சலிப்பைக்கூட அங்கே சொன்னார்கள். உறவினரின் அஸ்தியைப் பெறச் சென்ற வூஹான் குடும்பங்கள் அதிகாரிகளின் துணையுடனேயே பெற வேண்டியிருந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. சேர்ந்து அழுவதற்கு இடம் மறுக்கப்படும்போது துக்கம் வேறிடம் தேடுகிறது. மே மாதங்களில் சுடர் ஏற்றுவதற்கே நீதிமன்றத் தடையுத்தரவுகளைச் சந்தித்த எமக்கு இதில் புதினம் எதுவுமில்லை.

நோயை மறைக்கும் வழக்கமும் ஆராயப்பட வேண்டியது. புற்றுநோய் வந்த பாட்டியிடம் அதைச் சொல்லாமல் முழுக் குடும்பமும் நடிப்பதை லூலூ வாங் இயக்கிய ‘த ஃபெயார்வெல்’ (2019) திரைப்படம் காட்டியது. சுமையைக் குடும்பம் சுமக்க வேண்டும் என்ற உணர்வு அதில் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2021இல் நடைமுறைக்கு வந்த சீனக் குடியியல் சட்டக்கோவை, நோயாளியிடம் விளக்குவது இயலாது அல்லது பொருத்தமற்றது எனும்போது நெருங்கிய உறவினரிடம் விளக்கி அவர்களின் சம்மதத்தைப் பெறுமாறு சொல்கிறது. அந்த ஒழுங்குக்குப் பழகிய மகன் ரொறன்ரோவில் தாயின் அறிக்கையைத் தன்னிடம் முதலில் தருமாறு கேட்கிறான். தாயோ தனக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று நினைப்பவராக இருக்கலாம். “உங்கள் உடல்நிலை பற்றி நாங்கள் யாரிடம் பேச வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?” என்று தாயிடமே ஆரம்பத்தில் கேட்பதுதான் வழி. அதையும் மகனை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு கேட்க முடியாது. கன்டோனிய மொழி பேசுபவருக்கு மண்டரின் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உதவாது.

யாருடைய நம்பிக்கைக்கு மதிப்பு?

பண்பாட்டை மதிப்பது என்பது அதிகாரத்தோடும் சம்பந்தப்பட்டது. 2003 மார்ச்சில் சார்ஸ் தொற்று ரொறன்ரோவில் முதலில் ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலையிலேயே பரவத் தொடங்கியது. கனடாவில் 44 பேர் இறந்தனர். அந்த மாதங்களில் நகரின் சீன உணவகங்கள் வெறிச்சோடின. சீன முகம் கொண்ட எவரும் பஸ்ஸில் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டனர். பண்பாட்டுக் கையேடுகள் அப்போதும் இருந்தன.

இலங்கையின் கதை இன்னும் கசப்பானது. இங்கு கொவிட் தொற்று உறுதிசெய்யப்பட்ட முதல் நபர், ஹூபெய் மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு சீனப் பெண். 2020 ஜனவரி 27ஆம் திகதி தொற்று உறுதியானது. அங்கொடை ஐ.டி.எச். வைத்தியசாலையில் குணமடைந்த அவரை பெப்ரவரி 19ஆம் திகதி சுகாதார அமைச்சரே நேரில் வந்து வழியனுப்பினார். நோயாளியை அப்படி நடத்தியது சரியானதே. ஆனால் இரண்டு மாதங்கள் கழிவதற்குள், ஏப்ரல் 11ஆம் திகதி, கொவிட்டினால் இறந்தோர் அனைவரும் எரிக்கப்பட வேண்டும் என்று அதே சுகாதாரத் துறை வர்த்தமானி வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. இருந்தும் பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஒரு சமூகத்தின் மரண நம்பிக்கை அரசுக்குத் தெரியாமல் இருந்ததால் இது நடக்கவில்லை. தெரிந்துகொண்டே நடந்தது. அறிவு மட்டும் இருந்தால் மதிப்பு தானாக வந்துவிடும் என்ற கையேடுகளின் எண்ணம் இங்கே பிழைத்துப்போகிறது.

கேட்பதற்கு எட்டுக் கேள்விகள்

மாற்று வழி ஒன்றைக் கிளைன்மனே 1978இல், சாங்ஷாவுக்குப் போகும் முன்னரே, தன் சகாக்களுடன் முன்வைத்திருந்தார். நோயாளியிடம் கேட்கச் சில எளிய கேள்விகள். உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்? அது ஏன் வந்தது? ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது? அது உங்களுக்கு என்ன செய்கிறது? எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் நீடிக்கும்? எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று எண்ணுகிறீர்கள்? அதிலிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள்? இந்த வருத்தத்தில் உங்களை மிகவும் பயமுறுத்துவது எது? எட்டையும் கேட்கப் பத்து நிமிடம் போதும். சீனரிடமும் தமிழரிடமும் சிங்களவரிடமும் ஒரேவிதமாகக் கேட்கலாம். பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

பண்பாட்டைச் ‘செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை’ என்ற பட்டியலாக்குவதை 2006இல் பீட்டர் பென்சனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் கிளைன்மன் வெளிப்படையாகவே கண்டித்தார். அதில் ஒரு உதாரணம் வருகிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள நான்கு வயது மகனை ஒழுங்காக கிளினிக்குக்குக் கொண்டுவராத மெக்சிக்கோத் தந்தை ஒருவர். பண்பாட்டு நம்பிக்கையே தடையாக இருக்கும் என்று கலிபோர்னிய வைத்தியர்கள் எண்ணினர். விசாரித்துப் பார்த்தால், அவருக்கு நோயைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது. குறைந்த சம்பளத்தில் இரவுநேர வேலை செய்யும் பஸ் சாரதி அவர். பிள்ளையைக் கொண்டுவர நேரமில்லை, அவ்வளவுதான். அவருக்குத் தேவைப்பட்டது வேறொரு நேரத்தில் ஒரு கிளினிக்.

சாங்ஷா நோயாளிகளைக் கிளைன்மன் பின்னரும் சந்தித்தார். மனச்சோர்வு மாத்திரைகளால் பெரும்பாலானோரின் உடல் அறிகுறிகள் குறைந்திருந்தன. ஆனால் வேலையிடப் பிரச்சினை தீராதவர்களும், பிரிக்கப்பட்ட குடும்பத்துடன் சேர முடியாதவர்களும் தங்களை இன்னும் நோயாளிகளாகவே கருதினர். வாழ்க்கை நிலைமை மாறியவர்கள்தான் குணமடைந்ததாகச் சொன்னார்கள்.

இந்த முடிவை எமது நிலைக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமல்ல. 2017 பெப்ரவரி முதல் வீதியோரக் கொட்டகைகளில் இருந்து போராடிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலரிடம் கிளினிக் கொப்பி ஒன்று இருக்கும். பிரஷர், சீனி, மூட்டு உளைவு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். மகன் எங்கே என்று தெரியாத விடயத்துக்கு அந்தக் கொப்பியில் கோடு போட்ட இடம் எதுவுமில்லை. பனடோலும் நித்திரைக் குளிசையும் அவர்களுக்கு அவசியந்தான். ஆனால் அவர்களது வருத்தத்தின் காரணத்தை மருந்தகம் தீர்க்காது. அது உண்மையும் நீதியும் சம்பந்தப்பட்டது.

சுகாதாரத் துறையிடம் உடனடியாகக் கேட்கக்கூடியவையும் உண்டு. வடக்கு, கிழக்கு வைத்தியசாலைகளில் தமிழ் தெரியாத வைத்தியர் தமிழ் நோயாளியைப் பார்க்கும்போது, சிற்றூழியரையோ கூடவந்த பிள்ளையையோ நம்பியிராமல், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. தாதியர், வைத்தியர் பயிற்சியில் போரின் உளத்தாக்கம் ஒரு பாடமாக வேண்டும். உளநல கிளினிக்குக்கு அனுப்பும் முன்னர், வெளிநோயாளர் பிரிவிலேயே நோயாளியிடம் அந்த எட்டில் இரண்டு கேள்விகளாவது கேட்கப்பட வேண்டும்.

ஸ்காபரோவில் சீன மூதாட்டியைப் பராமரிக்கும் எம் சகோதரிக்கும் இது பொருந்தும். ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்பதைக் கையேடு அவருக்குச் சொல்லித்தரும். அந்த மூதாட்டி எந்த ஊரில், எந்த ஆண்டுகளில் வளர்ந்தார், எதற்குப் பயப்படுகிறார் என்பதை மூதாட்டியிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப்படாமல் போன அனுபவம் எம்மிடம் நிறைய இருக்கிறது. கேட்பதன் பெறுமதி எமக்குத் தெரியும்.